சில்லறைத் தொல்லைகளின் கணக்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மருத்துவர் ஒருவரை மேடையேற்றினால் உப்பைக் குறையுங்கள், எண்ணெயைக் குறையுங்கள், காலையில் நடங்கள் என்று ஒரு பட்டியல் வாசித்துவிட்டு இறங்குவார் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அந்தப் பட்டியலோடு எனக்குப் பகை ஏதும் இல்லை. ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் எந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டிலும் வராதது. சமையல் பாதியில் இருக்கும்போது தீர்ந்துபோகும் கேஸ் சிலிண்டர், நாலு பேர் முன்னால் மேலதிகாரி சொன்ன ஒரு சொல், பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் போன், மாமியாரிடம் சொல்ல வந்து விழுங்கிக்கொண்ட பதில், 'சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள்' என்று திருப்பி அனுப்பும் கவுன்ட்டர். இவை நம் உடம்பை என்ன செய்கின்றன? 25 வயதில் செய்வதைத்தான் 70 வயதிலும் செய்கின்றனவா? இவ்விரண்டு கேள்விகளைத்தான் இந்த ஒரு மணி நேரத்தில் பார்க்கப்போகிறோம்.

நெருக்கடிக்கும் நோய்க்கும் உள்ள உறவை ஆய்வுக்கூடத்தில் பளிச்சென்று காட்டியவர் ஹான்ஸ் செல்யே. மாண்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து 1936-இல் 'நேச்சர்' இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். எலியைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும் உடம்புக்குள் நடப்பது ஏறத்தாழ ஒன்றுதான் என்றார். அட்ரினல் சுரப்பி வீங்குகிறது, தைமஸ் சுருங்குகிறது, இரைப்பையில் புண் விழுகிறது. அதற்குப் பிறகு மனிதர்களிடம் இதை எப்படி அளப்பது என்ற கேள்வி வந்தது. 1967-இல் சியாட்டில் நகரில் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரே இருவரும் 43 வாழ்க்கை நிகழ்வுகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டார்கள். வாழ்க்கைத் துணையின் சாவுக்கு 100. மணமுறிவுக்கு 73. திருமணத்துக்கு 50. கிறிஸ்துமஸ் பண்டிகைக்குக்கூட 12 உண்டு. தீபாவளிக்குத் துணி எடுக்கப் பெரிய குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் 12 போதாது என்பார்கள், அது வேறு விஷயம்.

இந்தப் பட்டியல் உலகமெங்கும் பரவியது. இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. இதில் ஓர் இடைவெளி இருப்பதைக் கண்டவர் பெர்க்லியில் இருந்த ரிச்சர்ட் லாசரஸ். துணையின் சாவு வாழ்நாளில் ஒரு முறை வருகிறது. மற்ற நாள்களில் மனிதர்கள் எதனால் நோகிறார்கள்? 1981-இல் அவரும் அவருடைய சகாக்களும் நடுவயதினர் 100 பேரிடம் 117 தொல்லைகள் அடங்கிய பட்டியலைக் கொடுத்து மாதாமாதம் குறித்துவரச் சொன்னார்கள். விலைவாசி, உடல் எடை, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாதது, சாமானை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுவது, செய்துமுடிக்க முடியாத அளவுக்கு வேலை. முடிவு அன்றைக்குப் பலரை வியக்கவைத்தது. மன உளைச்சலின் அறிகுறிகளை முன்கூட்டிச் சொல்வதில் பெரிய நிகழ்வுகளைவிட இந்தச் சில்லறைத் தொல்லைகளே முந்தி நின்றன.

எனக்கு இதில் வியப்பில்லை. இழவு வீட்டுக்கு ஊரே வருகிறது. அலுவலகம் விடுப்புக் கொடுக்கிறது, பங்காளி வீட்டிலிருந்து சோறு வருகிறது, பதினாறாம் நாள் வரைக்கும் ஆள் பக்கத்தில் இருக்கிறது. சம்பளம் நாலு நாள் தள்ளிப்போனதற்கு யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை.

ஆனால் லாசரஸின் முறையிலும் ஒரு குறை இருந்தது. மாதக் கடைசியில் உட்காரவைத்துக் கேட்டால் நினைவில் நிற்பதைத்தான் சொல்வார்கள். அதுவும் அன்றைய மனநிலை எப்படியோ அப்படி. பத்தாம் தேதி பால் திரிந்ததால் வந்த சண்டையை முப்பதாம் தேதி யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அன்றைய தொல்லையை அன்றைக்கே கேட்க வேண்டும். அதைப் பெரிய அளவில் செய்தவர் டேவிட் அல்மீடா. இன்றைய என் பேச்சின் பெரும்பகுதி அவரும் அவருடைய குழுவினரும் சேர்த்துவைத்த தரவின் மேல்தான் நிற்கிறது.

அமெரிக்காவில் 1995-இல் 'மிடஸ்' என்ற நெடுங்கால ஆய்வு தொடங்கியது. 25 வயது முதல் 74 வயது வரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, பத்தாண்டுக்கு ஒரு முறை போலத் திரும்பத் திரும்பச் சென்று பார்க்கிற ஆய்வு. அதன் ஒரு கிளைதான் அல்மீடா நடத்திய அன்றாட அனுபவங்களின் தேசிய ஆய்வு. முதல் சுற்றில் ஏறத்தாழ 1,500 பேர், இரண்டாம் சுற்றில் 2,022 பேர். தொடர்ந்து எட்டு நாள், மாலை நேரத்தில் தொலைபேசி வரும். நேற்று இதே நேரத்திலிருந்து இதுவரை யாருடனாவது வாக்குவாதம் உண்டா? வாக்குவாதம் செய்திருக்கலாம், ஆனால் வேண்டாம் என்று விட்டுவிட்டது ஏதாவது உண்டா? வேலையிடத்தில்? வீட்டில்? பாகுபாடாக யாராவது நடத்தினார்களா? உங்களுக்கு நெருங்கியவர் யாருக்காவது ஏதாவது நடந்து, அது உங்களையும் பாதித்ததா? இன்று மனம் எப்படி இருந்தது, தலைவலி, முதுகுவலி, களைப்பு உண்டா? இவ்வளவுதான். போட்ட சண்டையைப் போலவே போடாமல் விட்ட சண்டையையும் தனியே கேட்டார்கள் பாருங்கள், அந்த ஒரு கேள்விக்காகவே அவர்களுக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன்.

இரண்டாம் சுற்றில் ஒரு சிறு பெட்டியும் தபாலில் போனது. உள்ளே பஞ்சுருளை வைத்த 16 சிறிய குழாய்கள். நான்கு நாள்களுக்கு நாளொன்றுக்கு நான்கு முறை பஞ்சை வாயில் மென்று, எச்சில் ஊறியதும் குழாயில் போட்டு மூடி அனுப்ப வேண்டும். கண் விழித்ததும் ஒன்று, அரைமணி கழித்து ஒன்று, மதிய உணவுக்கு முன் ஒன்று, படுக்கப்போகும்போது ஒன்று. எச்சிலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அளக்கலாம். உறங்கி எழுந்த அரைமணியில் அது உச்சத்துக்குப் போகும், பிறகு பகல் முழுதும் இறங்கிக்கொண்டே வந்து இரவில் அடங்கும். ஒரு மனிதனின் நாள் எப்படிப் போனது என்பதற்கு அவன் சொல்லும் சாட்சி ஒன்று, அவன் எச்சில் சொல்லும் சாட்சி ஒன்று.

உடம்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இங்கே மருத்துவ மாணவர்களும் இருக்கிறீர்கள், உங்களுக்கு இது தெரிந்ததுதான். வாக்குவாதம் மூண்டதும் அட்ரினலின் விநாடிகளில் பாய்கிறது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. கல்லீரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது. சில நிமிடம் கழித்து கார்ட்டிசால் வந்து சேர்கிறது. இதெல்லாம் நம்மைக் காப்பாற்ற வந்த ஏற்பாடுதான். நெருக்கடி முடிந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் கேடொன்றுமில்லை. திரும்பாமல் நாள்கணக்கில் ஏற்றத்திலேயே நின்றால், அல்லது ஒரு நாளைக்குப் பல முறை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், ரத்தக் குழாயும் நோய் எதிர்ப்பு மண்டலமும் மூளையும் தேய்கின்றன. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் மெக்யூவன் 1993-இல் எலியட் ஸ்டெல்லாருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை இந்தத் தேய்மானத்துக்கு ஒரு கோட்பாட்டைக் கொடுத்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எட்டு நாள் பேச்சில் பார்த்தால், பத்து நாளுக்கு நாலு நாள் என்ற கணக்கில் ஏதாவது ஒரு தொல்லை பதிவானது. அப்படியானால் தொல்லை அதிகம் உள்ளவர்தான் நோயாளி ஆகிறார் என்று நினைக்கத் தோன்றும். தரவு அதைச் சொல்லவில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தைச் சேர்ந்த சூசன் சார்ல்ஸ், அல்மீடாவோடும் மற்றவர்களோடும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு இது. தொல்லை வந்த நாளில் ஒருவருடைய மனம் தொல்லை இல்லாத நாளைவிட எவ்வளவு கீழே இறங்குகிறது என்று கணக்கிட்டார்கள். அந்த இறக்கம் அதிகமாக இருந்தவர்களுக்கு, பத்தாண்டு கழித்துப் பதற்றம், மனச்சோர்வு போன்ற கோளாறுகள் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அதே ஆண்டில் ஜெனிஃபர் பியாஸா தலைமையில் வந்த இன்னொரு கட்டுரை, நாள்பட்ட உடல்நோய்களுக்கும் இதே போக்கைக் காட்டியது.

2018-இல் கேட் லெஜர் இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் தொல்லை வந்த நாளை விட்டுவிட்டு, அதற்கு மறுநாளைப் பார்த்தார். நேற்றைய வாக்குவாதத்தின் கசப்பு இன்றைக்கும் இருக்கிறதா? இருந்தவர்களுக்குப் பத்தாண்டு கழித்து நாள்பட்ட நோய்களும் அதிகம், மாடிப்படி ஏறுவது, பை தூக்குவது போன்ற காரியங்களில் சிரமமும் அதிகம். தொல்லை வந்த அன்றைக்கு எவ்வளவு கொதித்தார்கள் என்பதைக் கழித்துப் பார்த்தபின்னும் இந்த உறவு நின்றது. கொதித்து அடங்குகிறவர் ஒரு வகை, ஆறவிடாமல் உள்ளுக்குள் ஊறப்போடுகிறவர் ஒரு வகை. உடம்பு இரண்டாமவரிடம்தான் கூடுதல் விலை கேட்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கோபம் ஏறுவதை மட்டுமே நாம் ஆபத்து என்று நினைக்கிறோம். 2015-இல் நான்சி சின் தலைமையில் 872 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். தொல்லை வந்த நாளில் மகிழ்ச்சி வெகுவாக வற்றிவிடுகிறவர்களிடம், இன்டர்லியூகின்-6 என்ற அழற்சிக் குறியீடு உயர்ந்திருந்தது. இதய நோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் பின்னால் இருக்கும் அழற்சி இதுதான். காலையில் ஒரு சண்டை, அதனால் சாயங்காலம் பேரப்பிள்ளை வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டபோதும் முகம் மலரவில்லை என்றால், அதுவும் கணக்கில் சேர்கிறது.

என் வெளிநோயாளர் பிரிவுக்கு ஓர் அம்மா வருவார். சத்துணவு அமைப்பாளர், ஐம்பதை நெருங்கும் வயது. இரண்டு மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் பிடிகொடுக்கவில்லை. "ஏம்மா, கவலை ஏதாவது உண்டா?" என்றால், "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்பார். ஒரு நாள் கேள்வியை மாற்றினேன். நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து என்ன நடந்தது, சொல்லுங்கள் என்றேன்.

"நேத்தா? நேத்து தண்ணி வரல. மோட்டார் பாக்குற பையன் வரேன்னு சொல்லிட்டு வரவே இல்ல. அதுல லேட்டாகி பஸ்ஸ விட்டுட்டேன். சென்டர்ல முட்டைக் கணக்குல ரெண்டு இடிச்சுது, நான்தான் கைக்காசு போட்டு வாங்கி வெச்சேன். சாயங்காலம் நாத்தனார் போன் பண்ணி, அப்பாவ எப்பத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகப்போறீங்கன்னாங்க. நீங்களும் ஒரு நாள் வந்து பாத்துக்கலாமேன்னு வாய் வரைக்கும் வந்துது. சொல்லல. ராத்திரி அதையே நெனச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். மத்தபடி ஒண்ணும் இல்லீங்க."

அல்மீடாவின் கேள்வித்தாளில் வைத்தால் வீட்டுத் தொல்லை, வேலைத் தொல்லை, நெருங்கியவர் பொருட்டு வந்த தொல்லை, விழுங்கிய சண்டை என நான்கு கட்டங்கள் ஒரே நாளில் நிரம்பிவிடும். நாத்தனார் சொன்ன ஒரு வாக்கியம் மறுநாளும் கூடவே வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தது. நான் மாத்திரையை மாற்றி எழுதினேன், அது என் தொழில். ஆனால் 'கவலை உண்டா' என்று கேட்டால் இல்லை என்றும், 'நேற்று என்ன நடந்தது' என்று கேட்டால் இவ்வளவும் வரும் என்பதை மருத்துவ மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

விழுங்குவது நல்லதா, கேட்டுவிடுவது நல்லதா? இதற்கு ஓரளவுக்கு விடை இருக்கிறது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டகோட்டா விட்சலும் ராபர்ட் ஸ்டாவ்ஸ்கியும் இந்த 2,022 பேரின் தரவை எடுத்து 2021-இல் ஒன்று பார்த்தார்கள். நடந்த வாக்குவாதம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது என்று ஒருவர் கருதினாரா, இல்லையா? தீர்ந்தது என்றவர்களிடம் அன்றைய மனக்கசப்பு ஏறத்தாழ பாதிதான். மறுநாள் அதன் சுவடே இல்லை. விழுங்கிய சண்டை வேறு விதமாக இருந்தது. அது அன்றைக்குக் குறைவாகத்தான் வலித்தது. ஆனால் அதைத் தீர்ந்ததாக எண்ணினாலும் எண்ணாவிட்டாலும், அன்றைய வலியில் பெரிய வேறுபாடு இல்லை. 68 வயதைத் தாண்டியவர்கள், 45-க்குக் கீழே இருப்பவர்களைவிடச் சண்டை தீர்ந்துவிட்டது என்று சொல்வது 40 சதவீதம் அதிகம்.

வயது இங்கேதான் உள்ளே வருகிறது. முதுமை என்றாலே துன்பம் என்று நினைக்கப் பழகியிருக்கிறோம். அல்மீடாவின் குழு 20 ஆண்டுத் தரவைச் சேர்த்து, 3,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2023-இல் வெளியிட்ட கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 25 வயதில் ஏறத்தாழ பாதி நாள்களில் ஏதாவது ஒரு தொல்லை. 70 வயதில் அது 30 சதவீத நாள்களாகக் குறைகிறது. தொல்லை வந்தால் மனம் இறங்கும் அளவும் இளமையில்தான் அதிகம், ஐம்பதுகளின் நடுப்பகுதி வரை அது குறைந்துகொண்டே வருகிறது. வேலை, குழந்தை, கடன் எனச் சுமந்த வேடங்கள் குறைவது ஒரு காரணம். எதற்குச் சண்டை போடலாம், எதற்கு வேண்டாம் என்று தெரிந்துவிடுவது இன்னொன்று. ஸ்டான்ஃபோர்டின் லாரா கார்ஸ்டென்சன் சொல்வதுபோல், மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று உணர்கிறவர்கள் அதை யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆனால் இந்தப் படத்தில் ஒரு கறுப்பு மூலை உண்டு, அதைச் சொன்னவரும் சூசன் சார்ல்ஸ்தான். தொல்லையை ஒதுக்கிவைக்க முடிகிறவரைக்கும் முதியவர்கள் இளைஞரைவிட நன்றாக இருக்கிறார்கள். ஒதுக்கவே முடியாத தொல்லை என்றால் கதை மாறுகிறது. படுத்த படுக்கையான துணைவரைப் பார்த்துக்கொள்வது, முடிவில்லாத சொத்து வழக்கு, வயதான காலத்தில் மகன் வீட்டில் ஒட்டாத சூழல். ஏறிய ரத்த அழுத்தத்தை இறக்கும் திறன் வயதான உடம்பில் குறைவு. அங்கே அனுபவம் கைகொடுப்பதில்லை. தாத்தா பாட்டிக்கு எல்லாம் பழகிப்போயிருக்கும் என்று சொல்லும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

நடுவயதினரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இந்த அரங்கில் பெரும்பாலோர் அந்த வயதில் இருப்பதால். 1990-களின் அமெரிக்கர்களையும் 2010-களின் அமெரிக்கர்களையும் ஒப்பிட்டு 2020-இல் ஒரு கட்டுரை வந்தது. காலம் மாறியதன் சுமையை இளைஞர்கள்தான் தாங்கியிருப்பார்கள் என்று அல்மீடாவே எதிர்பார்த்தார். தரவு 45 முதல் 64 வயதினரைச் சுட்டியது. முந்தைய தலைமுறை நடுவயதினரைவிட இவர்களுக்கு ஆண்டுக்கு 64 நாள் கூடுதலாகத் தொல்லை. வளர்ந்தும் தனியே நிற்க முடியாத பிள்ளைகள் ஒரு பக்கம், நீண்ட ஆயுள் பெற்ற பெற்றோர் மறுபக்கம், நடுவே நிலையில்லாத வேலை.

பராமரிப்பின் விலையை உடம்பிலேயே அளந்து காட்டிய ஒரு சோதனை உண்டு. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் 1995-இல் நடத்தியது. மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர், அதே வயதும் வருமானமும் உள்ள, அந்தப் பொறுப்பில்லாத பெண்கள் 13 பேர். எல்லோருடைய முன்கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு காயம் செய்து, அது எப்போது ஆறுகிறது என்று பார்த்தார்கள். பராமரிப்பவர்களுக்கு ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. சாதாரணக் காயம், மருந்து ஒன்றே, தோலும் ஒரே வயதுத் தோல்.

இதையெல்லாம் சொன்ன பிறகு 'மனசை லேசா வெச்சுக்குங்க' என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஏனென்றால் தொல்லையை அன்றைக்கே இறக்கிவைப்பது எல்லோருக்கும் ஒரே அளவில் முடிகிற காரியம் இல்லை. இதே தரவை வைத்து ஜோசப் கிரைவாக்ஸ், அல்மீடா முதலியோர் 2004-இல் எழுதிய கட்டுரையை நான் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். நிறையப் படித்தவர்கள்தாம் அதிக நாள்களில் தொல்லை என்று சொன்னார்கள். குறைவாகப் படித்தவர்கள் சொன்ன தொல்லைகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் கனமானது, உடம்பையும் மனதையும் அது தாக்கிய அளவும் அதிகம். வண்டி பஞ்சரானால் ஒருவர் செயலியில் ஆட்டோ வரவழைப்பார். இன்னொருவருக்கு அன்றைய கூலி போய்விடும். 1967-இல் தொடங்கிய லண்டன் அரசு ஊழியர் ஆய்விலும் இதைக் காணலாம். மைக்கேல் மார்மட்டும் சகாக்களும் கண்டது, கடைநிலை ஊழியர்களிடம் இதய நோய்ச் சாவு உயர் அதிகாரிகளிடம் இருந்ததைப்போல் மூன்று மடங்கு. அலுவலகத்தில் 'ஒரே டென்ஷன்' என்று சொல்லிக்கொள்கிறவர் மேலாளர், மாரடைப்பு வருவது பெரும்பாலும் அவருக்குத் தேநீர் கொண்டுவருகிறவருக்கு. தன் வேலையின் மேல் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது இதில் பெரிய காரணம் என்று பின்னால் வந்த இரண்டாவது ஆய்வு காட்டியது. எனவே மருத்துவமனையில் யோகா வகுப்பு வைப்பது ஒரு பங்கு வேலை என்றால், ஒரு சான்றிதழுக்கு ஒருவரை மூன்று முறை அலையவிடாமல் இருப்பதும் பொதுச் சுகாதார வேலைதான். இதை நான் அழுத்தியே சொல்வேன்.

அப்படியானால் தொல்லையே இல்லாத வாழ்க்கை கிடைத்துவிட்டால்? இந்த ஆய்வில் பத்தில் ஒருவர் கேட்ட எல்லா நாள்களிலும் ஒன்றுமே நடக்கவில்லை என்றார். சார்ல்ஸின் குழு 2021-இல் அவர்களைத் தனியே பார்த்தது. மனநிலை நன்றாக இருந்தது, நாள்பட்ட நோய்களும் குறைவு. ஆனால் நினைவாற்றல், கவனம் போன்ற சோதனைகளில் மற்றவர்களைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கினார்கள். யாருக்கும் ஆறுதல் சொல்வதும் குறைவு, யாரிடமும் பெறுவதும் குறைவு. நல்ல நிகழ்ச்சிகளும் அவர்கள் வாழ்வில் குறைவாகத்தான் நடந்தன. தொல்லை பெரும்பாலும் மனிதர்கள் வழியாகத்தான் வருகிறது, மனிதர்களை விலக்கினால் தொல்லையோடு நல்லதும் போய்விடுகிறது. ஓய்வுபெற்றதும் நிம்மதி வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொள்ள நினைப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.

நான் சொன்ன ஆய்வுகளுக்கு எல்லைகள் உண்டு. பெரும்பாலும் வெள்ளை அமெரிக்கர்கள். ஒன்றுக்கொன்று உறவு இருக்கிறது என்று காட்டுகின்றனவே தவிர, இதனால்தான் அது வந்தது என்று அறுதியிட முடியாது. பிறவியிலேயே எளிதில் கலங்கும் இயல்புள்ளவர்களுக்கு மனக்கசப்பும் நோயும் சேர்ந்து வரலாம். இதைவிட முக்கியமானது, ஓரிடத்தில் கண்டது இன்னோரிடத்தில் அப்படியே பொருந்தும் என்ற உத்தரவாதம் இல்லாதது. மிடஸ் போலவே ஜப்பானில், டோக்கியோவில் ஓர் ஆய்வு நடந்தது. யூரி மியாமோட்டோவும் மற்றவர்களும் 2013-இல் இரண்டையும் ஒப்பிட்டார்கள். அமெரிக்கர்களிடம் எதிர்மறை உணர்ச்சிகள் கூடக்கூட இன்டர்லியூகின்-6 கூடியது. ஜப்பானியரிடம் அந்த உறவைக் காணவில்லை. துக்கமும் எரிச்சலும் வாழ்க்கையின் இயல்பு என்று ஏற்கும் பண்பாட்டில் அவை உடம்பை வேறு விதமாகத் தொடுகின்றன போலும் என்பது அவர்கள் கருத்து. கூட்டுக் குடும்பத்தில் விழுங்கிய சொல்லுக்கும் தனிக் குடித்தனத்தில் விழுங்கிய சொல்லுக்கும் உடம்பு ஒரே விலைதான் போடுமா? இதை நம் மக்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்பதற்கு நமக்கு வசதி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து அழுத்தமானியின் பட்டையைக் கையில் சுற்றும் அந்த இரண்டு நிமிடத்தில், நேற்று என்ன நடந்தது என்று ஒரு கேள்வி கேட்கலாம். பதிலை எழுதக்கூட வேண்டாம், முதலில் கேட்கட்டும். இந்தியா முழுவதும் 45 வயதைத் தாண்டிய 70,000-க்கும் மேற்பட்டவர்களை 2017-18-இல் சந்தித்த நெடுங்கால முதுமை ஆய்வும் நம் கையில் இருக்கிறது. அதுபோன்ற பெரிய ஆய்வுகளின் பக்கத்தில் எட்டு நாள் மாலைப் பேச்சு ஒன்றைச் சேர்த்துவைப்பது பெரிய செலவில்லை.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு இந்தச் சொற்பொழிவுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை, உளவியல், சமூகப்பணி, செவிலியர் படிப்பு மாணவர்கள் சிலருக்கு உதவித்தொகையாகக் கொடுங்கள். ஆளுக்குப் பத்து வீடு, வீட்டுக்கு எட்டு மாலை, ஒரு கைப்பேசி. வீட்டாரின் ஒப்புதலை முறைப்படி எழுதி வாங்க வேண்டும், பெயர்களை எங்கும் பதியக்கூடாது, மனம் மிகவும் தளர்ந்திருப்பவர் என்று தெரிந்தால் உடனே மருத்துவரிடமோ 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலோ சேர்த்துவிட வேண்டும். வழிநடத்த நானும் என் துறை நண்பர்களும் ஊதியமின்றி வருகிறோம். மாலையில் கேட்க வேண்டிய கேள்விகளைப் பேச்சுத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். படிகள் வாசலுக்கு அருகே மேசையில் இருக்கின்றன. விருப்பமுள்ள மாணவர்கள் போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.